ஸோன் என்பது தூரமல்ல

லண்டனில் வீடு பார்க்கிறவர்கள் வாடகையைக் கேட்ட கையோடு அடுத்துக் கேட்பது, "எந்த ஸோன்?" டூட்டிங் என்றால் மூன்று, வெம்ப்ளி என்றால் நான்கு, ஹாரோ என்றால் ஐந்து. எண் ஏற ஏற வேலைக்குப் போய்வரும் செலவும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஊர் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை. இந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதை முழு உண்மையாக எடுத்துக்கொண்டதால், கட்டத் தேவையில்லாத பணத்தை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஸோன் கோடுகள் நிலத்தில் இயற்கையாக ஓடும் கோடுகள் அல்ல. எந்தப் பயணத்தின் செலவில் எவ்வளவைப் பயணி ஏற்பது, எவ்வளவை மற்றவர்கள் ஏற்பது என்று மனிதர்கள் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஒரு முறை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரைக்கும் போய் வரைந்த கோடுகள்.

"எவ்வளவு தூரமோ அவ்வளவு காசு"

தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் வளர்ந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. அங்கே ஸ்டேஜ் கணக்கு. ஏறிய இடத்திலிருந்து எத்தனை ஸ்டேஜ் தாண்டினீர்களோ அதற்குத் தகுந்த டிக்கெட். யார் எங்கே ஏறினாலும் கணக்கு அவர் ஏறிய நிறுத்தத்தில் தொடங்குகிறது.

லண்டனில் கணக்கு உங்களிடமிருந்து தொடங்குவதில்லை, ஊர் நடுவிலிருந்து தொடங்குகிறது. நடுவில் ஸோன் 1. அதைச் சுற்றி 2, 3 என்று 6 வரை. வடமேற்கே மெட்ரோபாலிட்டன் லைன் போகும் திசையில் 9 வரை. உங்கள் பயணம் எந்தெந்த ஸோன்களைத் தொட்டது என்பதுதான் கேள்வி. எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எத்தனை ஸ்டேஷன் என்பதையும் டியூப் (சுரங்க ரயில்) கட்டணம் பார்ப்பதே இல்லை.

இதன் விளைவை இரண்டு பயணங்களை வைத்துப் பார்க்கலாம். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு டியூப்பில் ஒரே ஸ்டேஷன். இடைவெளி 300 மீட்டருக்கும் குறைவு. படியிறங்கிப் பிளாட்ஃபாரத்தை அடைவதற்குள், மேலே தெருவில் நடப்பவர் போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டும் ஸோன் 1 என்பதால் 2024இல் நெரிசல் நேரக் கட்டணம் 2.80 பவுண்டு. இப்போது சென்ட்ரல் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கோடியில் எப்பிங், மேற்குக் கோடியில் வெஸ்ட் ரைஸ்லிப். இரண்டும் ஸோன் 6. வண்டி மாறாமல் டியூப்பில் போகக்கூடிய மிக நீண்ட பயணம் இதுதான், ஏறக்குறைய 55 கிலோமீட்டர். கட்டணம் அதே ஆண்டில் 5.60 பவுண்டு. 300 மீட்டருக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எப்பிங்கில் ஏறி ஆக்ஸ்ஃபர்ட் சர்க்கஸில் இறங்கினாலும் அதே 5.60தான். ஆறிலிருந்து ஒன்று வரை வந்ததற்கு ஒரு முறை கணக்கிட்டாகிவிட்டது. ஒன்றிலிருந்து மறுபடி ஆறு வரை போவதற்குத் தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் காசு ஏறுகிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எத்தனை முறை தாண்டினீர்கள் என்பது கணக்கே இல்லை.

விலை ஏறுவதும் சீராக இல்லை. 1 என்ற எண்ணைத் தொட்டதும் விலை குதிக்கிறது. வெளி ஸோன்களுக்குள்ளேயே இரண்டு ஸோன் கடந்து போகிறவர், ஸோன் 1க்குள் ஒரே ஸ்டேஷன் போகிறவரைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார். நடு ஊரில் ரயிலில் ஓர் இடம்கூட வீணாவதில்லை, கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது, சுரங்கத்தைப் பராமரிக்கும் செலவும் அங்கேதான் அதிகம். அந்த இடத்துக்கு வைக்கப்பட்ட விலை அது.

ஒரே ஸோன்களைத் தொடும் எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7 வரை நெரிசல் நேரம். கார்டைத் தட்டி உள்ளே நுழையும் நேரம்தான் கணக்கு. அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்க 6.25க்கு உள்ளே நுழைபவருக்கு அந்தப் பயணம் முழுக்க மலிவு விலைதான். மாலையில் வெளி ஸோனிலிருந்து ஸோன் 1க்கு வேலைக்கு வருகிறவருக்கும் மலிவு விலைதான், ஏனென்றால் கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் இது தெரியாமல் நெரிசல் நேரம் முடியட்டும் என்று ஏழு மணி வரை காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருக்கத் தேவையில்லை. ஹீத்ரோ விமான நிலையம் மட்டும் விதிவிலக்கு: அங்கிருந்து ஸோன் 1க்கு வந்தாலும் ஸோன் 1இலிருந்து அங்கே போனாலும், 2022 செப்டம்பரிலிருந்து எந்நேரமும் நெரிசல் நேர விலைதான்.

"வட்டம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்"

ஸ்டேஷன்களில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வெள்ளையும் சாம்பலுமாக மாறி மாறி வளையங்கள். அந்த வரைபடம் தூரத்தை அளவுப்படி காட்டும் படம் அல்ல. உண்மையான நிலப்படத்தில் இந்த வளையங்களைப் போட்டால் உருளைக்கிழங்கைப் போல ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் ஒடுங்கித் தெரியும்.

தென்மேற்கே உள்ள கிங்ஸ்டன், ஊர் நடுவான சேரிங் கிராஸிலிருந்து 16 கிலோமீட்டர். கிழக்கே உள்ள அப்மின்ஸ்டர் 25 கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் ஸோன் 6. வாட்டர்லூவிலிருந்து கிங்ஸ்டனுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து பாருங்கள். நியூ மால்டன் ஸோன் 4, அடுத்த ஸ்டேஷன் நோர்பிட்டன் ஸோன் 5, அதற்கடுத்த கிங்ஸ்டன் ஸோன் 6. அடுத்தடுத்த மூன்று ஸ்டேஷன்களில் மூன்று விலை. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பகுதி இது. நோர்பிட்டனுக்கு நடந்துபோய் ரயிலேறும் கிங்ஸ்டன்காரர்கள் உடற்பயிற்சிக்காக நடக்கவில்லை.

மாநகர எல்லையோடு ஸோன் முடிந்துவிடும் என்ற எண்ணமும் சரியல்ல. எப்பிங் இருப்பது லண்டனில் அல்ல, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில். சிக்வெல்லும் எஸ்ஸெக்ஸில்தான், ஆனால் அது ஸோன் 4. லண்டன் மாநகருக்குள் வரி கட்டும் அப்மின்ஸ்டர்காரர், மாநகருக்கு வெளியே இருக்கும் சிக்வெல்காரரைவிட இரண்டு ஸோன் அதிகமாகக் கொடுக்கிறார். வாட்ஃபோர்ட் ஜங்ஷனில் லண்டனின் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டைத் தட்டலாம், ஆனால் அந்த ஸ்டேஷன் எந்த ஸோனிலும் இல்லை; அதற்குத் தனி விலை.

புதிய எடுத்துக்காட்டு பேட்டர்ஸீ. பழைய மின் நிலையத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பிய பகுதிக்கு, நார்தர்ன் லைனை நீட்டி 2021 செப்டம்பர் 20 அன்று நைன் எல்ம்ஸ், பேட்டர்ஸீ பவர் ஸ்டேஷன் என்று இரண்டு டியூப் ஸ்டேஷன்களைத் திறந்தார்கள். இரண்டும் ஸோன் 1. அதிலிருந்து சில நிமிட நடையில் பேட்டர்ஸீ பார்க் என்ற ரயில் நிலையம் முன்பே இருக்கிறது. அது ஸோன் 2. நிலம் நகரவில்லை. ஊர் நடு அங்கே குடிபெயரவும் இல்லை. புதிய பாதைக்கு எந்த விலை என்று முடிவு செய்தபோது ஸோன் 1இன் எல்லை அந்தப் பக்கம் நீட்டப்பட்டது. அதே நாளில் கென்னிங்டன் ஸ்டேஷனை ஸோன் 2இலிருந்து 1, 2 இரண்டுக்கும் பொதுவான எல்லை ஸ்டேஷனாக மாற்றினார்கள்.

எல்லை ஸ்டேஷன் என்பது பயணிக்குச் சாதகமான ஏற்பாடு. ஈஸ்ட் ஹாம் 3, 4 இரண்டிலும் இருக்கிறது. நடு ஊர் நோக்கிப் போனால் அதை 3 என்று கணக்கிடுவார்கள்; பார்க்கிங் பக்கம் போனால் 4 என்று. எப்போதும் எது குறைவோ அது. ஸ்ட்ராட்ஃபோர்ட், வெஸ்ட் ஹாம், பிளெய்ஸ்டோ, கேனிங் டவுன் உள்ளிட்ட கிழக்கு லண்டன் ஸ்டேஷன்கள் 2016 ஜனவரி வரை ஸோன் 3ஆக இருந்தன. பிறகு 2, 3 எல்லைக்கு மாற்றப்பட்டன. அந்தத் தெருக்களில் இருந்தவர்களுக்கு வீடு மாறாமலே ஒரு ஸோன் குறைந்தது. கோட்டை மாற்றவே முடியாது என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம்.

"பயணிகளிடம் கறப்பதற்காகக் கொண்டுவந்த முறை"

இப்போதைய விலையைப் பார்த்தால் இப்படிக் கோபம் வருவதில் வியப்பில்லை. ஆனால் வரலாறு நேர் எதிர். லண்டனில் ஸோன்கள் கட்டணக் குறைப்போடு பிறந்தவை.

1981 மே மாதம் லண்டன் மாநகர மன்றத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். பஸ், டியூப் கட்டணங்களைக் குறைப்போம் என்பது தேர்தல் வாக்குறுதி. அதன்படி அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று கட்டணம் சராசரியாக 32 சதவீதம் குறைக்கப்பட்டது. அதுவரை டியூப்பில் தூரத்துக்கு ஏற்ற டிக்கெட்தான். அன்று முதல்முறையாக நடு ஊரில் வெஸ்ட் எண்ட், சிட்டி என்று இரண்டு ஸோன்கள் வந்தன.

குறைத்த பணத்தை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். லண்டன் முழுக்கச் சொத்துவரியை ஏற்றினார்கள். தென்கிழக்கு விளிம்பில் இருக்கும் புரோம்லி கவுன்சில் வழக்குப் போட்டது. புரோம்லியில் அன்றும் டியூப் ஸ்டேஷன் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் ஊருக்கு வராத ரயிலுக்கு எங்கள் ஆட்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். முதல் நீதிமன்றத்தில் புரோம்லி தோற்றது. மேல்முறையீட்டில் வென்றது. 1981 டிசம்பர் 17 அன்று, அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகளும் புரோம்லி பக்கமே தீர்ப்பளித்தார்கள். 1969ஆம் ஆண்டின் லண்டன் போக்குவரத்துச் சட்டம் சேவையைச் சிக்கனமாக, கணக்கு பார்த்து நடத்தச் சொல்கிறது. மன்றம் வரி கட்டுவோருக்கான தன் பொறுப்பை மறந்துவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். 1982 மார்ச்சில் கட்டணம் கிட்டத்தட்ட இரு மடங்கானது. ஆறு மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, பிறகு இரு மடங்காக ஏறிய டிக்கெட்டை வாங்கி வேலைக்குப் போன சாதாரண மக்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மன்றம் விடவில்லை. சட்டத்துக்கு உட்பட்டு இன்னொரு திட்டம் தயாரித்து, இந்த முறை முன்கூட்டியே நீதிமன்றத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, 1983 மே மாதம் கட்டணத்தை மறுபடி ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்தது. லண்டன் முழுவதும் வளையங்களாகப் பிரிக்கப்பட்டது அப்போதுதான். அன்றே டிராவல்கார்டும் வந்தது: ஒரே அட்டையில் பஸ்ஸும் டியூப்பும், வாங்கிய ஸோன்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும். அதற்கு முன் ஒரு பஸ், பிறகு டியூப், பிறகு இன்னொரு பஸ் என்று போகிறவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரிசையில் நின்று தனித்தனியாகக் காசு கொடுத்தார். தூரத்துக்கு ஒரு விலை என்ற முறையில் எல்லாவற்றுக்கும் பொதுவான அட்டை போடுவது அன்றைய காகித டிக்கெட்டில் நடக்காத காரியம். நகரத்தைச் சில பெரிய துண்டுகளாகப் பிரித்ததால்தான் அது முடிந்தது.

பயணிகள் திரும்பி வந்தார்கள். 1982இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கோடியாகச் சரிந்திருந்த டியூப் பயணங்கள் 1980களின் முடிவுக்குள் 80 கோடியைத் தொட்டன. அந்த ஆண்டுகளில் நகரில் வேலைவாய்ப்பும் பெருகியது, எல்லாப் புகழையும் ஸோனுக்கே கொடுக்க முடியாது. ஆனால் ஒரே அட்டையில் ஏறி இறங்கும் வசதி இல்லாமல் இத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கட்டணத்தைக் குறைத்த மன்றத்தையே மார்கரெட் தாட்சர் அரசு 1986இல் கலைத்துவிட்டது. ஸோன் மட்டும் தங்கிவிட்டது. 1991இல் ஐந்தாவது வளையத்தை இரண்டாக வெட்டி ஆறாவதை உண்டாக்கினார்கள். குறைப்பதற்காக வந்த கருவி ஏற்றுவதற்கும் வசதியானது என்பது அப்போது தெரிந்தது. வெளிவளையத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கோடு கூடியது, அவ்வளவுதான் செய்தார்கள்.

"நான் எந்த வழியாகப் போனேன் என்று மெஷினுக்குத் தெரியும்"

தெரியாது. தமிழர்கள் மிக அதிகமாகப் பணம் இழப்பது இந்த நம்பிக்கையால்தான் என்பது என் அபிப்பிராயம்.

நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை மஞ்சள் ரீடரில் கார்டைத் தட்டுகிறீர்கள். இடையில் நீங்கள் எங்கே வண்டி மாறினீர்கள் என்று அதற்கு எதுவும் தெரியாது. பார்க்கிங்கிலிருந்து ரிச்மண்டுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டும் ஸோன் 4. டிஸ்ட்ரிக்ட் லைனில் நடு ஊர் வழியாகப் போகலாம். ஓவர்கிரவுண்டு ரயிலில் வடக்கே சுற்றி, காஸ்பெல் ஓக்கில் வண்டி மாறியும் போகலாம். இரண்டாவது வழி ஸோன் 1ஐத் தொடவே தொடாது, அதனால் மலிவு. நெரிசல் நேரத்தில் ஒரு பயணத்துக்கே ஒரு பவுண்டுக்கு மேல் வித்தியாசம். ஆனால் தட்டிய இடங்கள் இரண்டு வழிக்கும் ஒன்றுதான்.

இதற்காகத்தான் வண்டி மாறும் சில ஸ்டேஷன்களில் பிளாட்ஃபாரத்திலேயே இளஞ்சிவப்பு நிற ரீடர் வைத்திருக்கிறார்கள். காஸ்பெல் ஓக், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், வில்ஸ்டன் ஜங்ஷன், ஸ்ட்ராட்ஃபோர்ட், ஒயிட்சேப்பல், கிளாப்பம் ஜங்ஷன் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். அதில் தட்டினால் காசு போகாது. பயணம் தொடங்கவும் செய்யாது, முடியவும் செய்யாது. இந்த வழியாக வந்தேன் என்ற பதிவு மட்டும் விழும். கம்பத்தின் மேல் தலை மட்டும் ரோஸ் நிறத்தில் இருக்கும் அந்த மெஷினை, கேமராவோ விளம்பரமோ என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். காஸ்பெல் ஓக் பிளாட்ஃபாரத்தில் ஒரு மழைநாள் காலையில், கையில் டிஃபன் பையோடு நின்ற ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த இளம்பெண்ணைக் கைதட்டி நிறுத்தினார்: "தங்கச்சி, அந்த ரோஸ் மெசினிலயும் ஒருக்காத் தட்டிப்போட்டு வாங்கோ. இல்லாட்டி ஸோன் ஒண்டுக்குள்ளால போனதெண்டு காசு எடுத்துப்போடுவாங்கள்." கட்டண விதிகளை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் போன்ற இடங்களில் ஓவர்கிரவுண்டும் டியூப்பும் தனித்தனி ஸ்டேஷன்கள். அங்கே மாறும்போது ஒன்றில் தட்டி வெளியேறி மற்றதில் தட்டி நுழைய வேண்டும், அதனால் வழி தானாகவே பதிவாகிவிடும். குறித்த நிமிடங்களுக்குள் நுழைந்தால் ஒரே பயணமாகச் சேர்த்துக்கொள்வார்கள். உள்ளே மாறுகிற இடங்களில்தான் கவனம் வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு: காலையில் வங்கி அட்டையில் தட்டிவிட்டு மாலையில் கைபேசியில் தட்டுவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருக்கலாம். மெஷினுக்கு அவை இரண்டு ஆட்கள். நுழைந்தது ஒருவர், வெளியேறியது வேறொருவர் என்றால் இரண்டு பயணமும் அரைகுறை; இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். நாள் முழுக்க ஒரே அட்டையோ ஒரே கைபேசியோ பயன்படுத்தினால்தான் தினசரி உச்சவரம்பும் பொருந்தும்: எத்தனை முறை பயணித்தாலும், போன ஸோன்களுக்கு உரிய வரம்பைத் தாண்டி அன்று பணம் எடுக்கமாட்டார்கள். 2024இல் ஸோன் 1, 2க்குள் அது 8.50 பவுண்டு. திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் வாராந்திர வரம்பும் இதேபோல் உண்டு.

"ஸோன் 2–3 டிராவல்கார்டு வைத்துக்கொண்டு நடு ஊருக்குப் போக முடியாது"

பஸ்ஸில் போகலாம். எந்த ஸோன் டிராவல்கார்டும் லண்டன் முழுக்க எந்தச் சிவப்பு பஸ்ஸிலும் செல்லும். பஸ்ஸுக்கு ஸோனே கிடையாது. 2004 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். வாக்ஸ்ஹால், எலிஃபன்ட் அண்ட் காஸில், ஏர்ல்ஸ் கோர்ட், நாட்டிங் ஹில் கேட் எல்லாம் 1, 2 எல்லை ஸ்டேஷன்கள். ஸோன் 2 அட்டையோடு அதுவரை டியூப்பில் வந்து, இறங்கி பஸ் பிடித்து நடு ஊருக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸோன் 1 சேராத டிராவல்கார்டு அதைச் சேர்த்த அட்டையைவிட நல்ல மலிவு. நேரம் கூடுதலாகும், அதை மறைக்க முடியாது.

ஒரு பஸ் பயணம் 2023 மார்ச்சில் 1.75 பவுண்டு ஆனது. எவ்வளவு தூரம் போனாலும் அதே விலை. முதல் முறை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மறுபடி காசு இல்லை. 2016இல் ஒரே ஒரு மாற்றத்துக்கு என்று தொடங்கிய இந்தச் சலுகை 2018 ஜனவரியில் எத்தனை மாற்றத்துக்கும் என்று விரிந்தது. ஸோன் 3இலிருந்து நெரிசல் நேரத்தில் நடு ஊருக்கு டியூப்பில் வருவதற்கு ஆகும் காசில் இது பாதிகூட இல்லை. அதிகாலை இருட்டில் இல்ஃபர்டிலிருந்து சிட்டி நோக்கி ஓடும் 25ஆம் எண் பஸ் நிறைவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தூக்கத்தை விற்றுக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டவர்கள். லண்டனில் ஸோனின் உண்மையான விலை என்ன என்று பார்க்க விரும்புகிறவர் கட்டணப் பட்டியலைவிட அந்த பஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

"ஸோனை ஒழித்தால் எல்லோருக்கும் நல்லது"

பாரிஸ் ஏறக்குறைய அதைச் செய்துவிட்டது. மாத அட்டைக்கு 2015 செப்டம்பரிலேயே ஸோன் வித்தியாசத்தை நீக்கினார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஒற்றை டிக்கெட்டுக்கும் நீக்கிவிட்டார்கள்: விமான நிலையங்களைத் தவிர, பாரிஸ் பெருநகரப் பகுதி முழுக்க மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே விலை, அந்த ஆண்டில் 2.50 யூரோ. புறநகரிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நகருக்குள்ளேயே இரண்டு ஸ்டேஷன் போகிறவருக்கு 2.15 ஆக இருந்தது 2.50 ஆனது. ஒருவருக்குக் குறைத்தது இன்னொருவருக்கு ஏறியது. பாரிஸில் ஏழைக் குடியிருப்புகள் பெரும்பாலும் நகருக்கு வெளியே இருப்பதால் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். லண்டனில் பணக்காரரும் ஏழையும் எல்லா ஸோனிலும் கலந்து இருக்கிறார்கள். ஸோன் 2இல் அரசு அடுக்குமாடியில் வாழும் குடும்பத்தின் டிக்கெட்டை ஏற்றி, ஸோன் 6இல் தோட்டம் வைத்த வீட்டுக்காரரின் டிக்கெட்டைக் குறைப்பது நியாயமா என்று கேட்டால், எனக்கு அவ்வளவு எளிதாக ஆமாம் என்று சொல்ல வராது.

"மேயர் நினைத்தால் நாளைக்கே மாற்றலாம்"

மேயரிடம் இருப்பது பாதிச் சாவிதான். சாதிக் கான் 2016இல் பதவிக்கு வந்து நான்கு ஆண்டுகள் கட்டணத்தை உறைய வைத்தார். ஒற்றைப் பயண விலை ஏறவில்லை என்பது உண்மை. அதே காலத்தில் ஸோன் 1, 2 தினசரி உச்சவரம்பு 6.50 பவுண்டிலிருந்து 7.20 ஆனது. டிராவல்கார்டும் ஆண்டுதோறும் ஏறியது. தினமும் போய்வருகிறவர்கள், "உறைய வைத்தார்கள் என்றார்களே, எங்களுக்கு ஏன் ஏறுகிறது?" என்று குழம்பினார்கள். காரணம், டிராவல்கார்டும் அதை ஒட்டிய வரம்பும் டியூப்புக்கு மட்டும் உரியவை அல்ல. லண்டனுக்குள் ஓடும் தேசிய ரயில்களுக்கும் அவை பொது. 1995ஆம் ஆண்டின் டிராவல்கார்டு ஒப்பந்தப்படி மேயரின் போக்குவரத்து நிர்வாகமும் ரயில் நிறுவனங்களும் சேர்ந்துதான் அவற்றைத் தீர்மானிக்க முடியும். ரயில் கட்டணத்தின் கடிவாளம் மத்திய அரசிடம்.

ஹீத்ரோவில் இறங்குகிறவர்களுக்கும் இந்த இரட்டை வேடம் தெரியவரும். பிக்காடிலி லைனும் எலிசபெத் லைனும் ஒரே விமான நிலையத்திலிருந்து, ஒரே ஸோன் 6இலிருந்து, ஒரே ஸோன் 1க்குத்தான் போகின்றன. எலிசபெத் லைனில் விலை இரண்டு மடங்குக்கும் மேல். ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைக்கப் போகிறவர்கள் பிளாட்ஃபாரத்துக்குப் போவதற்கு முன்பே இதை அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. ஸோன் ஒன்று என்பதால் விலையும் ஒன்று என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

ஒரு ஸ்டேஷனின் ஸோனை மாற்றுவதற்கும் இதே முட்டுக்கட்டைதான். கிங்ஸ்டனை ஸோன் 5க்கு மாற்றுங்கள் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டுவருகிறது. மாற்றினால் அந்த ஸ்டேஷனில் ஏறும் ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைக்கும் வருமானம் குறையும். அந்த வருமானம் டியூப்புக்குப் போவதல்ல, சவுத் வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்துக்குப் போவது. அது தனியாராக இருந்தவரை இழப்பீடு கேட்கும், அதை யார் கொடுப்பது என்ற கேள்வியும் ஒரு தடையாக இருந்தது. 2025 மே 25 அன்று அந்த நிறுவனம் அரசுடைமையாகிவிட்டது. இப்போது கிங்ஸ்டன் ரயிலின் டிக்கெட் காசு அரசின் பைக்குத்தான் போகிறது. இனி அந்தக் கோட்டை நகர்த்த அந்தத் தடை இல்லை. முக்கியமாக ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் லண்டன் மேயரும் பிரிட்டிஷ் போக்குவரத்து அமைச்சரும்தான்.